முடிச்சுக்கும் கூலி வேண்டும்

மாண்புமிகு கைத்தறித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

போன வாரம் சென்னையை ஒட்டிய அனகாபுத்தூரில் ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஓர் அம்மா வாழைநாரை நுனியோடு நுனி வைத்து முடிந்துகொண்டிருந்தார். விரலைத் தண்ணீரில் தொட்டு, இரண்டு இழையைச் சேர்த்து ஒரு முடிச்சு. மிஞ்சிய வாலைப் பிளேடால் நறுக்கிவிட்டு அடுத்தது. மட்டை எவ்வளவு நீளமோ நாரும் அவ்வளவுதான். அதனால் ஆள் உயரத்துக்கு ஒரு முடிச்சாவது விழுகிறது. நீளவாக்கில் ஓடும் பாவில் போட்டால் முடிச்சு தறியின் அச்சில் மாட்டி இழை அறுந்துவிடும் என்பதால், பாவு பருத்தி, குறுக்கே ஓடும் ஊடை மட்டும் நார்.

"ஒரு சேலைக்கு எத்தனை முடிச்சும்மா?"

"எண்ணிக்கிட்டிருந்தா வேலை ஓடாதுங்க."

வீட்டுக்கு வந்து நான் எண்ணினேன். ஐந்தரை மீட்டர் சேலை, அங்குலத்துக்கு 40 ஊடை, அதில் பாதிதான் நார் என்று வைத்தாலும் 3,000 முடிச்சைத் தாண்டுகிறது. அந்த வீட்டில் சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது நெய்பவருக்கு மட்டும். நார் முடிவது வீட்டு வேலையோடு போய்விடுகிறது.

கூட்டைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் பட்டு வேண்டாம் என்பவர்கள் இன்று இந்தச் சேலையைத் தேடி வருகிறார்கள். நானும் அப்படிப் போனவள்தான். திருச்சிப் பக்கம் குலை வெட்டிய வாழை மரத்தை வயலைவிட்டு அகற்றவே விவசாயி காசு செலவழிக்கிறார்; நாருக்குப் பஞ்சமில்லை. முடியும் கைகளுக்குத்தான் பஞ்சம் வரப்போகிறது. அந்த அம்மாவின் மகள் துணிக்கடை வேலைக்குப் போகிறாள்.

கூட்டுறவுச் சங்கங்கள் நார்ச்சேலை எடுக்கும்போது, கூலிக் கணக்கில் 'நார் முடிதல்' என்று தனியாக ஒரு வரி போட உத்தரவிடுங்கள். அந்தப் பணம் முடிபவரின் கணக்கிலேயே ஏறட்டும்.

இன்னொன்று, சுருக்கமாக. கடைகளில் 'மூங்கில் துணி' என்று விற்பதில் பெரும்பாலானது, மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து இழுத்த விஸ்கோஸ். அமெரிக்காவில் 2009-லேயே இப்படிப் பெயரிட்டு விற்ற நிறுவனங்கள்மீது வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இங்கும் விஸ்கோஸை விஸ்கோஸ் என்றே எழுதச் செய்யுங்கள். 'மூங்கில்' பெயரில் வரும் விஸ்கோஸோடு ஒரே அலமாரியில் நார்ச்சேலை போட்டிபோட முடியாது.

கைத்தறிக் கண்காட்சி ஏதாவது திறக்க அனகாபுத்தூர்ப் பக்கம் வந்தால், திண்ணையில் உட்கார்ந்து ஒரு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். எனக்கு ஏழாவது தடவைதான் நின்றது.

இப்படிக்கு,
குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்