வாக்கும் ஒரு கடனே

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் உள்ளது மண்டூர். சின்னக் கதிர்காமம் என மக்கள் போற்றும் அதன் முருகன் கோயிலுக்கு, குருமண்வெளித் துறையில் ஓடமேறி வாவி கடந்து வந்து நேர்த்தி செலுத்தியோர் எண்ணிலர். நோய் தீர்ந்துவிட்டதே, இனி நேர்த்தி எதற்கு என்று எவரும் இருந்துவிடுவதில்லை. அதனாலன்றோ அதற்கு நேர்த்திக்கடன் என்று பெயர்! தெய்வத்துக்கு நேர்ந்தது கடனாயின், மனிதனுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் கடனாகாதா?

கிறிஸ்தவ வேதமும் இதையே வற்புறுத்துகிறது. ஆண்டவரின் சந்நிதியில் தங்கத் தகுதியுடையவன் யார் என்று வினவும் 15ஆம் சங்கீதம், தனக்கு நட்டம் வந்தாலும் ஆணை பிறழாதவனை அத்தகையோருள் ஒருவனாக எண்ணுகிறது.

யோசுவாவின் வரலாறு இதற்குச் சான்று. கிபியோனியர் தூர தேசத்தார் போல வேடமிட்டு வந்து உடன்படிக்கை பெற்றனர். மூன்றே நாளில் வஞ்சகம் வெளிப்பட்டது. தலைவர்களுக்கு எதிராகச் சபையார் முறுமுறுத்தனர். ஆயினும் தலைவர்கள் தாம் இட்ட ஆணையை மீறவில்லை. பகைவர் கிபியோனைச் சூழ்ந்தபோது, யோசுவா இரவு முழுவதும் நடந்து சென்று அவர்களைக் காத்தான். பிற்காலத்தில் அவ்வாணையை மீறிய மன்னன் சவுல். ஆனால் விலை கொடுத்தவர் யார்? தாவீதின் நாளில் மூன்றாண்டு பஞ்சத்தில் நாடு வாடியது. சவுலின் வழித்தோன்றல்கள் எழுவர் உயிரிழந்தனர்.

நம் நாட்டு வரலாற்றுக்கு வருவோம். 1957 ஜூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தனர். இருவருமே கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்கள். குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பிராந்திய சபைகளுக்கு உரியதாகும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. கல்லோயாக் குடியேற்றத்தைக் கண்ணெதிரே கண்ட மட்டக்களப்பு விவசாயிக்கு இது வாழ்வுப் பிரச்சினை. தமிழர் தரப்பு, ஆகஸ்ட் 20இல் தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டுத் தன் வாக்கைக் காத்தது. பிரதமரோ, 1958 ஏப்ரல் 9இல் பிக்குகள் தம் இல்லத்தின் முன் திரண்டு நின்றபோது ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்தார்.

எதிர்ப்பு வலுத்தது, அவர் என் செய்வார் என்று கேட்பாருண்டு. யோசுவாவின் மக்கள் முறுமுறுக்கவில்லையா? எதிர்ப்பே இல்லாதபோது வாக்கைக் காப்பதற்குத் தலைவன் வேண்டியதில்லையே! அடுத்த மே மாதமே நாட்டில் இனக்கலவரம் மூண்டது. வீடிழந்தோரும் உயிரிழந்தோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களா?

1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்கா செய்த உடன்பாட்டின் மாவட்ட சபைகளும் 1968இல் கைவிடப்பட்டன.

வாக்கைக் காத்தால் நட்டம் வாக்களித்தவனுக்கு. மீறினாலோ அது நம்பியவன் தலையில் விழுகிறது. ஆகவே, வாக்குறுதியுடன் வரும் தலைவர் எவராயினும், தமிழரே ஆயினும், நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "இதனைக் காக்க நீர் எதை இழக்கச் சித்தமாயிருக்கிறீர்?" விடை கூறமுடியாதவரின் வாக்கை நம்பி நாம் ஏமாறவேண்டுவதில்லை.