தென்னம்பிள்ளையின் பூர்வீகம் பதிவாக வேண்டும்

கல்கிசையிலும் அதன் அயலிலும் வீட்டுத்தோட்டம் செய்வோரின் சங்கம் விடுக்கும் நிலைப்பாட்டு அறிக்கை

வடக்கில் புதிய தென்னை முக்கோணம் ஒன்றை, அதாவது தென்னை செறிந்த வலயம் ஒன்றை, உருவாக்க அரசு முனைந்திருப்பதை நாம் மனதார வரவேற்கிறோம். தேங்காய் விலை 200 ரூபாவைத் தாண்டியபோது கொழும்பில் எத்தனை வீடுகளில் சம்பலும் சொதியும் குறைந்தன என்பதை நேரில் கண்டவர்கள் நாம். எமது முதன்மையான கோரிக்கை ஒன்றுதான். விதைத்தேங்காய் தரும் தாய்மரங்களுக்கும், நாற்றுமேடையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளின் மாதிரிகளுக்கும் டி.என்.ஏ. கைரேகைப் பரிசோதனை செய்து, முடிவைப் பொதுப் பதிவேட்டில் இடவேண்டும்.

பிள்ளையைப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லலாமே என்று அனுபவசாலிகள் கேட்கிறார்கள். ஓரளவுக்குச் சொல்லலாம். மஞ்சள் குட்டைத் தென்னையை நெட்டையோடு கலந்தால், கலப்புப் பிள்ளையின் ஓலைக்காம்பு நிறமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பச்சைக் குட்டையோடு நெட்டையைக் கலந்து பெறும் சி.ஆர்.ஐ.சி. 65 போன்ற கலப்பினத்தில் தாய் பச்சை, தகப்பனும் பச்சையாக இருக்கலாம். அங்கே நிறத்தை மட்டும் நம்ப முடியாது. நெட்டைத் தென்னையோ பெரும்பாலும் அயல்மரத்து மகரந்தத்தால் காய்ப்பது. காய்க்குத் தாய் எது என்று தெரியும், தகப்பன் எது என்று தெரியாது. பிள்ளை வளர்ந்து காய்க்கும்வரை ஐந்தாறு வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிழை தெரியவந்தால், அந்த விவசாயிக்கு யார் பதில் சொல்வது?

தகப்பனை அறிய உதவுவது டி.என்.ஏ. பரிசோதனை. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டறிந்த டி.என்.ஏ. கைரேகை முறை மனிதரை அடையாளம் காணப் பயன்பட்டது. பின்னர் வந்த மைக்ரோசட்டலைட் முதலிய சுட்டிகள், பயிர்களின் உறவுமுறையை அறியும் கருவிகளாயின. இதில் இலங்கை பின்தங்கிய நாடல்ல. லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் லலித் பெரேராவும் அவரோடு இணைந்தவர்களும் 1990களின் பிற்பகுதியிலிருந்து எமது நெட்டை, குட்டை, இடைநிலைத் தென்னைகளை இவ்வாறு ஆராய்ந்திருக்கிறார்கள். நெட்டையில் வேறுபாடு அதிகம், குட்டையில் குறைவு. இதைவிட முக்கியமான முடிவு இன்னொன்று: நெட்டைத் தென்னையின் வேறுபாடு ஊருக்கு ஊர் அல்ல, ஒரே ஊர் மரங்களுக்கிடையில்தான் பெரிதும் இருக்கிறது. விதைத்தேங்காய் காலங்காலமாக நாடெங்கும் கைமாறியதன் விளைவு இது. ஆகவே, பல மாவட்டங்களிலிருந்து விதை எடுத்துவிட்டோம், அதனால் பல்வகைமை கிடைத்துவிட்டது என்று எவரும் நிம்மதியடைய முடியாது.

உலகத் தென்னையின் கதையும் இப்படித்தான் வெளியானது. பீ கன், லுக் போதுவான், கென்னத் ஒல்சன் ஆகியோர் 1,300க்கு மேற்பட்ட தென்னைகளின் டி.என்.ஏ.யை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். தென்னை இரண்டு இடங்களில் தனித்தனியே பயிராக்கப்பட்டிருக்கிறது: பசுபிக் பக்கம் ஒன்று, தென்னிந்தியா, இலங்கை, மாலைதீவுப் பக்கம் மற்றொன்று. குட்டைத் தென்னைகள் பசுபிக் வழிவந்தவை. நெட்டையையும் குட்டையையும் கலக்கும்போது நாம் தூரத்துச் சொந்தங்களைச் சேர்க்கிறோம். அந்தக் கலப்பு வீரியமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்ப இடமுண்டு.

கைரேகை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நாம் வாதிடவில்லை. வறட்சியை எந்த மரம் தாங்கும், வெலிகம வாடல்நோயை எது எதிர்க்கும் என்பதைக் காணிதான் காட்டவேண்டும். எனவே வடக்கின் மண்ணிலேயே களப்பரிசோதனை நடப்பது அவசியம். அதற்கான பணத்தை ஆய்வுகூடத்தின் பெயரால் வெட்டக்கூடாது.

தேங்காயை நெல்விதைபோல உலர்த்திக் குளிரில் சேமிக்க முடியாது. மரம் போனால் அதன் மரபும் போய்விடும். கல்கிசையில் மாடிக்குடியிருப்புக்காகப் பழைய வளவுகள் துப்புரவாக்கப்படும்போது நாம் பதறுவது இதனால்தான். பளையிலும் மன்னாரிலும் போரைத் தாண்டி நிற்கும் முதுமரங்களின் ஓலை மாதிரிகள், புதுப்பிள்ளைகள் நடப்படுவதற்கு முன்பே எடுக்கப்படவேண்டும்.

ஓலை கொடுக்கும் வளவுக்காரருக்கு, அது எதற்கு என்று சொல்லி அவரது சம்மதத்தைப் பெறவேண்டும். முடிவையும் அவருக்குத் தெரிவிக்கவேண்டும். பதிவேட்டைத் தெங்கு ஆராய்ச்சி நிறுவனமே வைத்திருக்கட்டும், தனியார் கம்பனியிடம் கொடுக்கவேண்டாம். அது சிங்களத்திலும் தமிழிலும் இருக்கவேண்டும். தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை வழங்கும் ஒவ்வொரு பிள்ளையோடும் தாய்மரத்தின் பதிவிலக்கம் எழுதிய அட்டை ஒன்று விவசாயியின் கைக்கு வரவேண்டும்.