சீறலுக்குக் காது கொடுங்கள்

அமெரிக்க வீடுகளில் விரும்பி வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று ஹாக்நோஸ். மேல்நோக்கி வளைந்த மூக்கு, குட்டையான உடல். வீட்டுக்கு வந்த புதிதில் கையை நீட்டினால் போதும், கழுத்தைத் தட்டையாக விரித்து, புஸ்ஸென்று சீறி, பல நேரம் வாயைத் திறக்காமலேயே மூக்கால் முட்டும். மிரண்டுபோகும் உரிமையாளர் அதற்கு முரட்டுப் பாம்பு என்று பட்டம் கட்டிவிடுகிறார்.

அது பெரிய அநியாயம்.

நுரையீரலில் நிரப்பிய காற்றைக் குரல்வளையின் குறுகிய திறப்பு வழியே வேகமாக வெளித்தள்ளும்போது எழும் ஒலியே சீறல். புல்ஸ்னேக் பாம்பின் குரல்வளையில் கூடுதலாக ஒரு மெல்லிய மடிப்பு இருப்பதால் அதன் சீறல் அறையையே அதிரவைக்கும். வாலையும் சருகில் படபடவென்று அடிக்கும். இத்தனை ஆர்ப்பாட்டமும் கடிக்காமல் தப்பிப்பதற்குத்தான். பால் பைதானோ அஞ்சினால் பெரும்பாலும் தலையை உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும்.

இனத்தை மட்டும் வைத்துக் குணத்தைக் கணிக்கவும் முடியாது. தோலுரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு கண்கள் நீலம் பாய்ந்து மங்கும். பார்வை குறைந்த அந்த நாட்களில் சாதுவான பாம்பும் சீறும். தலைக்கு மேலிருந்து இறங்கும் கை, அதற்குப் பருந்து போலத்தான். தொடாதபோதும் மூச்சில் இரைச்சல் கேட்டு, வாயும் திறந்தே இருந்தால் அது சுவாசத் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பாம்பு வளர்ப்பவர்களே, சீறும் உயிரை அதட்டி அடக்கப் பார்க்காதீர்கள். ஒளிந்துகொள்ள ஓரிடம் கொடுங்கள். இரை விழுங்கியபின் இரண்டு நாட்களாவது தொடாமல் விடுங்கள்.