மணவாளக்குறிச்சி மணலும் ஆரணித் தறியும்

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் கிடக்கும் கருமணல் வெறும் மணலன்று. இல்மனைட்டு, உரூட்டைல், சிர்க்கான், கார்னெட்டு, சில்லிமனைட்டு, மோனசைட்டு ஆகிய கனிமங்கள் அதனுள் விரவிக் கிடக்கின்றன. கடந்த நூற்றாண்டு முழுதும் இம்மணலுக்கு வாங்குவோர் மாறினர். ஆயினும் அதன் முழு மதிப்பு அது கிடந்த மண்ணுக்குக் கிட்டவில்லை. ஏன் என்பதைத் தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1891இல் ஆத்திரிய வேதியலர் அவுவர் என்பார் தோரியம் ஊட்டிய ஒளிவலையைக் கண்டார். எரிவளி விளக்குகள் அதனால் வெண்ணொளி வீசின. அத்தோரியம் மோனசைட்டில் உள்ளது. 1909இல் சோம்பர்க்கு என்னும் செருமானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அதன் பிறப்பிடத்தைத் தேடி வந்தார். நம் கரைமணல் கப்பலேறிற்று. பின்னர் மின்விளக்குப் பரவவே ஒளிவலைக்கு மதிப்பிழந்தது. மோனசைட்டின் சந்தையும் சாய்ந்தது. அப்பொழுது கைகொடுத்தது வேறொரு சந்தை. அதுவரை பொருட்படுத்தப்பெறாத இல்மனைட்டிலிருந்து வெண்ணிறச் சாயப்பொருள் எடுக்கலாம் எனத் தெரிந்ததும், அதனையே உலகம் நாடிற்று. அணுவாற்றற் காலம் வந்ததும் தோரியம் மீண்டும் அரும்பொருளாயிற்று. 1950இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. 1952இல் கேரளத்து ஆலுவாயில் மோனசைட்டைப் பிரித்தெடுக்கும் ஆலை எழுந்தது. 1956இல் குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்தது; மணலின் மேல்நிலைத் தொழிலோ உடன் வந்து சேரவில்லை.

ஒரு சந்தை சாய்ந்தால் வேறொன்று எழும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. ஆனால் புதுச் சந்தை என்பது புதிய கப்பலைத் தேடுவது மட்டுமாயின், பொருளின் போக்கு மாறுமேயன்றி நம் நிலை மாறாது.

ஆரணியைப் பாருங்கள். அங்கு நெய்யப்பெறும் பட்டுக்கு நூல் பெரும்பாலும் கன்னட நாட்டிலிருந்து வருகின்றது. நூல் அயலூரினது, ஆயினும் சாயமிடுதல், பாவு ஓட்டுதல், அச்சுப் பிணைத்தல், நெய்தல் எனப் பல கைகளின் உழைப்பு அதன்மேல் ஏறுகின்றது. அதனாற்றான் அவ்வூர்ப் பெயரே புடைவைக்குப் பெயராயிற்று. மூலப்பொருள் இல்லாத ஊர் தொழிலால் வாழ, மூலப்பொருள் குவிந்த கரை மண்ணை அள்ளி அனுப்பிவிட்டு அமைவதோ?

வழி இல்லாமலில்லை. சிர்க்கானும் சில்லிமனைட்டும் வார்ப்படத்திற்கும் உலைக்கல்லுக்கும் உதவுவன; வார்ப்படத் தொழில் மிக்க கோவை நம்மிடமே உள்ளது. கார்னெட்டு தேய்ப்புத்தாளுக்கும், நீர்ப்பாய்ச்சால் இரும்பு அறுத்தற்கும் பயன்படுவது. இல்மனைட்டின் முடிவில் வானூர்திக்குரிய தைட்டானியம் இருக்கின்றது. கேரளத்துச் சவறாவில் 2011இல் தைட்டானியப் பஞ்சு ஆலையே தொடங்கப்பெற்றது. மோனசைட்டிலுள்ள நியோடிமியம் மின்னூர்திகளின் காந்தத்திற்கு இன்றியமையாதது. 2025 ஏப்பிரலில் சீனம் ஏழு அருமண் தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்ததும் உலகத் தொழிற்சாலைகள் பல திகைத்தன. கனிமத்தைத் தோண்டுவோரைவிட அதனைப் பிரிக்கவும் உருக்கவும் அறிந்தோர் கையிலேயே ஆற்றல் உள்ளது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எனினும் ஒன்றை மறத்தலாகாது. மோனசைட்டு கதிரியக்கம் உடையது. கரைமணலே மீனவர்தம் குடியிருப்புக்கு அரண். தனியார் வரம்பின்றி அள்ளியதாகக் குற்றச்சாட்டு எழவே, 2013இல் தமிழக அரசு கரைமணல் எடுத்தலை நிறுத்தியது. 2024இல் கிள்ளியூர் வட்டத்தில் 1144 எக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டத்தைக் கரையோர மக்கள் எதிர்த்து நின்றனர். அவர்களைத் தொழில் வளர்ச்சிக்குப் பகைவர் என்பது அறியாமை. நூறாண்டு மணல் போயும் தம் தெருவுக்கு வந்த நன்மை யாதென அவர்கள் கேட்பது அறமே.

எனவே, கரையோர மக்களின் இசைவின்றி ஒரு கூடை மணலும் எடுத்தலாகாது. எடுக்கும் மணல் சிறிதாயினும், அதனை முடிபொருளாக்கும் தொழில் தமிழ்நாட்டிலேயே அமைதல் வேண்டும். அவ்வறிவு நம் பிள்ளைகளுக்குத் தமிழில் கற்பிக்கப்பெறுதல் வேண்டும். மண் ஒருமுறை போனால் மீளாது; கற்ற தொழில் தலைமுறைதோறும் வளரும். இம்மூன்றையும் நடுவணரசிடமும் தமிழக அரசிடமும் வலியுறுத்துவது தமிழர் ஒவ்வொருவரின் கடனாகும்.