விலையும் தெரியட்டும், எழுத்து வேலையும் குறையட்டும்

செம்பனைத் தோட்டங்களுக்கு அருகே தொழில்நுட்பப் பூங்கா எழுந்திருக்கும் ஜொகூரின் செடெனாக்கில், காய்ச்சல் கண்ட தொழிலாளி முதலில் விசாரிப்பது, கம்பெனிக்கு எது பேனல் கிளினிக் என்பதைத்தான். கம்பெனி பணம் கட்டும். இடையில் ஒரு நிர்வாக நிறுவனம் கணக்குப் பார்க்கும். நோயாளிக்கு வசதிதான். எழுத்து வேலை மட்டும் கிளினிக்கின் தலையில் விழுகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு கணினித் தளம், வேறு படிவம். அனுப்பிய பில் திரும்பி வந்தால் மறுபடியும் விளக்கம்.

இந்த நிலையில்தான் 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்னும் ஆணை, விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் நடப்புக்கு வந்தது. மே 6 அன்று மருத்துவர்கள் புத்ராஜெயாவில் திரண்டு அதை எதிர்த்து மகஜர் கொடுத்தார்கள். விலையை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று அவர்கள் எதிர்ப்பை ஒதுக்கிவிடுவது நியாயமல்ல. தனியார் கிளினிக்குகளுக்கான 2006 விதிமுறைகள் பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட்டுக்குள் கட்டிவைத்தன. பல ஆண்டுகள் அது அசையவில்லை. நம் நாட்டில் கிளினிக்கே மருந்தும் கொடுப்பதால், வாடகையும் ஊழியர் சம்பளமும் ஓரளவு மருந்துக் கணக்கில்தான் ஈடாகின. ஏற்கெனவே சுகாதார அமைச்சின் விதிகளுக்கு உட்பட்ட தனியார் கிளினிக்கை விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவருவானேன், கேட்டால் விவரமான பில் கொடுக்கும் விதிதான் இருக்கிறதே என்பதும் அவர்கள் வாதம்.

ஆனால், காய்ச்சலில் துவண்ட பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய் எப்படி விலை கேட்பாள்? மாதாமாதம் நீரிழிவு மருந்து வாங்குபவருக்கும் செலவு முன்கூட்டியே தெரிய வேண்டாமா? விலையைப் பட்டியலாகவும் வைக்கலாம் என்று அரசு இடம் கொடுத்ததும், தொடக்க மாதங்களில் அபராதத்தைவிட விளக்கத்துக்கு முதலிடம் தந்ததும் நல்ல அறிகுறிகள்.

ஆகவே விலை வெளியே தெரியட்டும். சரிபார்க்கும் பொறுப்பு சுகாதார அமைச்சு ஒன்றிடமே இருக்கட்டும். நிர்வாக நிறுவனங்கள் அனைத்தும் ஒரே படிவத்துக்கு வரட்டும். மருத்துவரின் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்தப்போவது இந்த ஒரே படிவம்தான் என்பது என் கணிப்பு. கூட்டம் திரண்டதென்னவோ விலைக்காகத்தான்!

பேனல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, கிளினிக்குக்கு எத்தனை நாளில் பணம் போய்ச் சேரும் என்று கம்பெனியின் மனிதவளப் பிரிவு கேட்கலாம். தொழிற்சங்கமும் அதைக் கூட்டத்தில் எழுப்பலாம். நாமும் அடையாள அட்டை, பழைய மருந்துச் சீட்டு, ஒவ்வாத மருந்தின் பெயர் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால், முகப்பில் இருப்பவர் நம் விவரத்தைத் தேடித் திணற வேண்டியிருக்காது.