அந்தத் தாளில் கையெழுத்து வாங்கித் தராதீர்கள்



சென்ற மாதம் நம் ஊர்த் தனியார் மருத்துவமனையில் நடந்ததை இங்கே முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக நடந்த மறியலில் நின்றவர்களில் பாதிப் பேர் இதைப் படிக்கிறவர்கள்தான். இரண்டாம் பிரசவத்துக்குப் போன 26 வயதுப் பெண். சிசேரியன் முடிந்து குழந்தையைக் கொண்டுவந்து காட்டினார்கள். இரவில் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று அவசர அவசரமாக மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸிலேயே உயிர் போய்விட்டது. அனுப்பிய சீட்டில் "உறவினர் கேட்டுக்கொண்டதன் பேரில்" என்று எழுதியிருந்தது. கேட்டுக்கொண்ட அந்த உறவினர் யாரென்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மறியல் கலைந்தது, பேச்சுவார்த்தை தொடங்கியது. "பிள்ளையை அறுக்கவா கொடுக்கப் போகிறீர்கள்?" என்று யாரோ கேட்க, பிரேதப் பரிசோதனை இல்லாமலே அன்று மாலை உடல் புதைக்கப்பட்டது. காவல் நிலையத்தில் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது, முதல் தகவல் அறிக்கை கிடைக்கவில்லை.

வரும் வியாழக்கிழமை இரண்டாம் சுற்றுப் பேச்சு. மருத்துவமனை 6 லட்சம் ரூபாய் தருமாம். பதிலுக்கு, "எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, எந்த நீதிமன்றத்துக்கும் போக மாட்டோம்" என்று கணவரும் பெற்றோரும் முத்திரைத்தாளில் எழுதித் தர வேண்டுமாம். இந்தப் பேச்சுக்கு நடுவர்களாகப் போக இருப்பவர்கள் நம் ஊரின் பெரிய மனிதர்கள். முதலில் அவர்களிடம்தான் பேசுகிறோம்.

இப்படி ஒரு சாவைத் தங்கள் வீட்டிலேயே பார்த்த குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு நாங்கள். மருத்துவர்களுக்கு நாங்கள் விரோதிகள் அல்ல. மருத்துவமனையில் நேரும் ஒவ்வொரு சாவும் கவனக்குறைவால் வந்ததல்ல என்பதும் எங்களுக்குத் தெரியும். அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்த நேரத்தில் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா, இல்லையா? சட்டத்தின் அளவுகோல் அதுதான், எங்கள் கேள்வியும் அதுதான். 2024 நவம்பரில் கிண்டி மருத்துவமனையில் ஒரு மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டபோது மனம் பதறியவர்கள் நாங்கள். ஆத்திரத்தில் கண்ணாடியை உடைக்கக் கிளம்பும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிரான 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தில் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 10 ஆண்டு சிறை. ஜாமீனில் வர முடியாத குற்றம். சிகிச்சையில் கவனக்குறைவால் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் பதிவுபெற்ற மருத்துவருக்கு அதிகபட்சமே 2 ஆண்டுதான். மற்றவர்களின் கவனக்குறைவுக்கு 5 ஆண்டு. நாற்காலியின் விலையையும் உயிரின் விலையையும் சட்டம் எப்படி நிறுத்திருக்கிறது என்று பாருங்கள். கல்லெறிந்தால் வழக்கு உங்கள் மேல்தான் திரும்பும். மருத்துவமனைக்கு அதைவிட வசதி வேறில்லை.

எங்கள் கோபமெல்லாம் கேஸ் ஷீட்டைப் பற்றியது.

அந்தப் பெண்ணின் தகப்பனார் எழுத்தில் மனு எடுத்துக்கொண்டு போனார். வரவேற்பறையில் வாங்க மறுத்தார்கள். "டாக்டர் ஊரில் இல்லை" என்றார்கள். அடுத்த முறை, "ஃபைல் இன்சூரன்ஸுக்குப் போயிருக்கிறது" என்றார்கள். அதற்கும் அடுத்த முறை, "போலீஸ் கேட்டால்தான் தருவோம்" என்றார்கள். போலீஸ் ஏன் கேட்கவில்லை என்றால், பேச்சுவார்த்தை நடக்கிறதாம்!

இது கருணையாகத் தரும் தாள் அல்ல. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தர மறுப்பதே தொழில்முறைத் தவறு. அதற்காகவே மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். போலீஸ் கேட்க வேண்டும், நீதிமன்றம் கேட்க வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் போதும் என்று மருத்துவமனைகள் நினைக்கின்றன. அது நடந்து முடிந்த பிறகு எழுதும் சுருக்கம். எத்தனை மணிக்கு ரத்தப்போக்கைக் கவனித்தார்கள், ரத்த அழுத்தம் எப்போது இறங்கியது, எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், மயக்க மருந்து கொடுத்தவர் யார், அந்த இரவு பணியில் இருந்தது மருத்துவரா, பயிற்சியில் இருக்கும் செவிலியர் மட்டுமா? இதெல்லாம் கேஸ் ஷீட்டிலும், செவிலியர் குறிப்பிலும், மயக்கவியல் குறிப்பிலும்தான் இருக்கும். அது கைக்கு வராமல் போகும் ஒவ்வொரு நாளும் அதைத் திருத்தி எழுதக் கிடைத்த ஒரு நாள். குற்றம் சாட்டவில்லை; அப்படிச் சந்தேகப்பட இடம் கொடுப்பது யார் என்று மட்டும் கேட்கிறோம். மறைக்க எதுவும் இல்லையென்றால் ஜெராக்ஸ் எடுக்க எவ்வளவு நேரமாகும்?

மனுவை வாங்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஆவணத்தைக் கொடுக்காத மருத்துவமனைக்கு எதிராகவே ஊகம் கொள்ள நுகர்வோர் ஆணையத்துக்கு அது ஆதாரமாகும். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களே, உங்களில் ஒருவராவது அந்தத் தகப்பனாரோடு அந்த வரவேற்பறைக்குப் போனீர்களா? 6 லட்சத்துக்குப் பேரம் பேச நாலு கார் வந்தது. நாலு தாளைக் கேட்டு வாங்க ஒரு சைக்கிள்கூட வரவில்லை.

"6 லட்சம் சின்னத் தொகையா?" என்று கேட்கிறீர்கள். பிறந்த குழந்தைக்கு 18 வயதாகும்வரை கணக்குப் போட்டால் மாதம் 2,777 ரூபாய். மூத்த குழந்தையையும் சேர்த்தால் அதிலும் பாதி. இடையில் நிற்பவர்களுக்கு எவ்வளவு போகும் என்பதை எங்கள் குழுவில் பலர் பட்டே தெரிந்துகொண்டவர்கள்.

அந்த முத்திரைத்தாள் குற்ற வழக்கை முடித்துவிடும் என்றும் யாரும் ஏமாற வேண்டாம். 106ஆம் பிரிவுக் குற்றம் இரு தரப்பும் சமரசம் பேசி முடித்துக்கொள்ளக்கூடியதல்ல. ஆனால் குடும்பம் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், மருத்துவமனையின் வழக்கறிஞர் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். பூட்டப்படுவது குடும்பத்தின் வாய் மட்டும்.

அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் மருத்துவம் இல்லை என்று சிலர் பரப்பினார்கள். அதையும் 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. இறந்தவரின் சட்டப்படியான வாரிசுகள் புகார் தரலாம். கணவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தரலாம். கட்டணம், கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. மருத்துவமனைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. அது 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அதே வழக்கை உரிமையியல் நீதிமன்றத்தில் போட்டால், 20 லட்சம் கேட்க 3 விழுக்காட்டில் 60,000 ரூபாய் நீதிமன்றக் கட்டணம் ஆகும். எங்கே போனாலும் காலக்கெடு 2 ஆண்டு. துக்கம் ஆறட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிட்டவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு.

குற்ற வழக்குக்கு வழி குறுகல். சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான கவனக்குறைவு வேண்டும் என்றும், வேறொரு மருத்துவரின் நம்பகமான கருத்து இல்லாமல் தனிநபர் புகாரை ஏற்கக் கூடாது என்றும் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவர்களை வீணாக அலைக்கழிக்கக் கூடாது என்பதற்காகச் சொன்ன அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் காவல் நிலையங்கள் இன்று கையைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. விசாரணை அதிகாரியே நடுநிலையான அரசு மருத்துவரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று அதே தீர்ப்பில் இருப்பதை மட்டும் படிக்கவில்லை போலும். புகாரைப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதன் பிறகு குற்றவியல் நடுவரிடம் போகலாம். உடலைப் புதைத்துவிட்டோமே என்று கைவிடவும் வேண்டாம். நிர்வாக நடுவரான வட்டாட்சியர் முன்னிலையில் தோண்டியெடுத்துப் பரிசோதிக்கச் சட்டம் இடம் தருகிறது. நாள் தள்ளத் தள்ள அதில் கிடைப்பது குறையும் என்பதால்தான் வியாழக்கிழமை இவ்வளவு முக்கியமாகிறது.

பிரசவ மரணங்களை மாவட்ட அளவில் தணிக்கை செய்கிறார்கள், எல்லாம் அங்கே வெளிவந்துவிடும் என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. அந்தத் தணிக்கை இனி இப்படி நேராமல் தடுப்பதற்கானது. யாரையும் தண்டிக்க அல்ல. அதை நம்பி யாரும் வழக்கை விட வேண்டாம்.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் உதவாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். நம் பக்கத்துக்கு மதுரைக் கிளை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்ற கவலையும் வேண்டாம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லாமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். இறந்த பெண்ணின் தாயார் போய்க் கேட்டாலே போதும். தொலைபேசி எண் 15100.

வழக்கு நாளாகும் என்பதை மறைக்க மாட்டோம். ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் 1963இல் கருத்தடை அறுவையின்போது வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டதால் ஒரு பெண் இறந்தார். 1996இல்தான் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. 33 ஆண்டுக்குப் பிறகு உறுதியான இழப்பீடு 36,000 ரூபாய். 1998இல் கொல்கத்தாவில் தவறான சிகிச்சை பெற்று மும்பையில் இறந்த ஒரு மருத்துவரின் மனைவிக்காக 2013இல் கிடைத்த தொகையோ வட்டி நீங்கலாகச் சுமார் 6 கோடி. சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரையைச் சோதிக்காமல் விட்டதால் பார்வை போனது, 2015இல் 1.80 கோடி ரூபாய் தரச் சொன்னார்கள். இந்தக் குடும்பத்தினர் யாரும் முதல் மாதத்தில் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல.

நம் ஊர் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. கேஸ் ஷீட் கிடைத்தால் அதைப் படித்துப் பார்த்து, தவறு உண்டு என்றோ இல்லை என்றோ எழுதித் தர உங்களில் ஒருவராவது முன்வர வேண்டும். தவறு இல்லை என்று நீங்கள் எழுதினாலும் அந்தக் குடும்பத்துக்கு அது ஆறுதல்தான். டீக்கடையில் "அங்கே எதுக்குப் போனாங்க?" என்று தலையாட்டிவிட்டு, எழுத்தில் கேட்டால் ஒதுங்கிக்கொள்வது உங்கள் படிப்புக்கு அழகல்ல.

அந்த இரவு பணியில் இருந்த செவிலியர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் எங்களிடம் பேசலாம். உங்கள் வேலைக்கு ஆபத்து வராதபடி எப்படிச் சாட்சி சொல்வது என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்வோம்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போகிற பெரியவர்களிடம் கேட்பது ஒன்றுதான். போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் கேஸ் ஷீட்டின் முழு நகலை வாங்கிக் குடும்பத்தின் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். அதைச் செய்யாமல் கையெழுத்து வாங்கித் தருகிறவர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சிக் கரைவேட்டி கட்டியிருந்தாலும், நுகர்வோர் ஆணையத்திலும் குற்றவியல் நீதிமன்றத்திலும் அவரைச் சாட்சியாக அழைக்கக் கோரி மனுப் போடுவோம். துக்கத்தில் இருந்தவர்களிடம் எந்தச் சூழ்நிலையில், யாருக்காக அந்தக் கையெழுத்து வாங்கப்பட்டது என்பதை அவர் கூண்டில் ஏறிச் சொல்லட்டும்.