நீதிபதியைத் தேர்ந்தெடுப்பது யார்?

பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டு அலைந்து, மீண்டும் வேலை தர வேண்டும் என்று லேபர் கோர்ட்டில் தீர்ப்பு வாங்குகிறார். முதலாளி சும்மா இருப்பாரா? ஹைகோர்ட்டில் ரிட் போடுகிறார். தொழிலாளி தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, அந்தச் சிவப்புக் கட்டிடத்தின் வாசலில் போய் நிற்கிறார். உள்ளே ஆசனத்தில் இருப்பவரை யார் நியமித்தார்கள், எதைப் பார்த்து நியமித்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. "அது வக்கீல்கள் விவகாரம், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நமக்குத்தான் அது முதல் விவகாரம் என்கிறோம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் தீயில் கருகி மாண்டனர். நாகப்பட்டினம் கோர்ட் மிராசுதார்களைத் தண்டித்தது. 1973-ல் சென்னை ஹைகோர்ட் அவர்களை விடுவித்தது. இவ்வளவு நிலபுலன் உள்ள கனவான்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அத்தீர்ப்பின் வாதங்களில் ஒன்று! எந்தச் சட்டப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது?

மறுபக்கமும் உண்டு. 1957-ல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் மந்திரியாக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர், பின்னர் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட ஊழியர்களுக்கும் தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பைத் திறந்துவிட்ட 1978-ம் ஆண்டுத் தீர்ப்பு அவர் எழுதியது. ஆசனத்தில் அமர்பவர் யார் என்பதில் எவ்வளவு வேற்றுமை!

நியமனம் எப்படி நடக்கிறது? ஹைகோர்ட்டின் மூத்த நீதிபதிகள் பெயர்களை அனுப்புகிறார்கள். சுப்ரீம் கோர்ட்டின் மூத்த நீதிபதிகள் அடங்கிய கொலீஜியம் சிபாரிசு செய்கிறது. ஒரே பெயரை மறுபடியும் சிபாரிசு செய்தால் மத்திய சர்க்கார் ஏற்றே ஆக வேண்டும். இது 1993-ம் ஆண்டுத் தீர்ப்பின் விதி. நடப்போ வேறு.

வழக்கறிஞர் ஜான் சத்யன் பெயரைக் கொலீஜியம் 2022-ல் சிபாரிசு செய்தது. பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைப் பகிர்ந்தார். நீட் கொடுமையால் உயிர்விட்ட கூலித் தொழிலாளியின் மகள் அனிதாவுக்காக எழுதினார். உளவுத்துறை கண்ட "குற்றம்" இதுதான். 2023 ஜனவரி 17-ல் கொலீஜியம் அவரை மீண்டும் சிபாரிசு செய்தது. மற்றவர்களுக்கு முன் அவரை நியமியுங்கள் என்றும் சொன்னது. சர்க்கார் அசையவில்லை. ஆனால் அதே நாளில் சிபாரிசான, பாரதிய ஜனதா கட்சியில் பொறுப்பு வகித்த விக்டோரியா கௌரி, வக்கீல்களின் ஆட்சேபத்தையும் தாண்டி, பிப்ரவரி 7-ல் சென்னை ஹைகோர்ட்டில் பதவியேற்றார்.

ஒருவருக்கு முன்பு கட்சி இருந்தது என்பது நம் ஆட்சேபம் அல்ல. கிருஷ்ணய்யரும் அரசியலில் இருந்தவர்தான். ஆளுங்கட்சிக்காரருக்கு ஒரு மரக்கால், விமர்சிப்பவருக்கு வேறொரு மரக்கால் என்பதே நம் ஆட்சேபம். காங்கிரசும் யோக்கியம் அல்ல. அவசரநிலையில் ஆள்தூக்கி அடைப்பதை எதிர்த்துத் தனியொருவராய்த் தீர்ப்பெழுதிய எச்.ஆர்.கன்னாவை, 1977-ல் தலைமை நீதிபதி ஆகவிடாமல் ஒதுக்கியது அந்தச் சர்க்கார்தானே?

அப்படியானால் கொலீஜியமே போதுமா? போதாது. மூடிய அறையில் நீதிபதிகளே நீதிபதிகளைப் பொறுக்குகிறார்கள். 2018 முதல் 2023 ஜூலை வரை நியமனமான 604 ஹைகோர்ட் நீதிபதிகளில் தாழ்த்தப்பட்டோர் 18 பேர், பழங்குடியினர் 9 பேர் என்று பார்லிமெண்டில் சர்க்காரே சொன்னது. வெண்மணியின் குடிசையை அறிந்தவர் எத்தனை பேர் அந்த ஆசனங்களுக்கு வர முடியும்? அமெரிக்காவில் செனட் சபை நீதிபதிகளைப் பகிரங்கமாக விசாரித்து ஒப்புதல் தருகிறது. அங்கும் பெரும்பான்மைக் கட்சியின் கைவரிசையே ஓங்குகிறது. ஆயினும் கேள்வியும் பதிலும் மக்கள் காதில் விழுகின்றன. இங்கே அதுவும் இல்லை.

நாம் கோருவது இதுதான்: சர்க்காரின் பிடியில் சிக்காத தேசிய நீதித்துறைக் கமிஷன் வேண்டும். சிபாரிசுக்கும் நிராகரிப்புக்கும் காரணம் எழுத்தில் வெளிவர வேண்டும். கோப்புகளுக்குக் காலக்கெடு வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்கும் மாதருக்கும் உரிய இடம் வேண்டும். வழக்கு நம்முடையது, வயிறு நம்முடையது. தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை ஒவ்வொரு சங்கக் கிளையிலும், விவசாயத் தொழிலாளர் கூட்டத்திலும் இதை விவாதியுங்கள், தீர்மானம் போடுங்கள்!